இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

வாசகர் கேள்வி – பதில்

இணையச் சூதாட்ட நிறுவனங்களின் வழியே குற்றப் பணம் எவ்வாறு நகர்கிறது என்ற கேள்விக்குச் சென்ற இதழில் சுருக்கமாக விடையளித்திருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களின் எண்ணிக்கையும், அவற்றுள் சிலவற்றில் இருந்த வேதனையும், இம்மாதப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கச் செய்துவிட்டன. முதலில் வங்கியிலும், பின்னர் பிரிட்டனில் உரிமம் பெற்ற ஒரு சூதாட்ட நிறுவனத்தின் நிதிக் குற்றத் தடுப்புப் பிரிவிலும் வேலை பார்த்தவன் என்பதால், எடுத்துக்காட்டுகளில் பல அந்நாட்டிலிருந்தே வருகின்றன. அங்கே ஒழுங்குமுறை ஆணையம் தன் விசாரணை முடிவுகளைத் தொகை, காலம் உட்பட வெளியிடுகிறது. எனவே நிறுவனங்கள் எங்கே தவறின என்பதை ஆதாரத்துடன் பேச முடிகிறது.

கே: சூதாட்டத்தில் பணம் போட்டவர் பெரும்பாலும் இழக்கத்தானே செய்கிறார்? அப்படியிருக்க, கறுப்புப் பணம் வைத்திருப்பவர்கள் ஏன் அந்த இடத்தைத் தேடிப் போகிறார்கள்?
– சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி

குற்றவாளி தேடுவது லாபத்தை அன்று. தன் கையிலுள்ள பணத்துக்கு ஒரு நல்ல விளக்கத்தை. ஒரு லட்சத்தைப் போட்டுத் தொண்ணூறாயிரம் திரும்பக் கிடைத்தாலும், அந்தத் தொண்ணூறாயிரம் உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்திடமிருந்து வங்கிக் கணக்குக்கு வந்த தொகையாகப் பதிவாகிவிடுமானால், பத்தாயிரத்தை அவர் கூலியாகவே கருதுவார். இழப்பைக் குறைக்கவும் வழிகள் உண்டு. ஒரே சுழல்மேசையில் இருவர் அமர்ந்து, ஒருவர் சிவப்பிலும் மற்றவர் கறுப்பிலும் சமமான தொகையை வைத்தால், ஒற்றைச் சுழியம் கொண்ட ஐரோப்பிய ரூலெட்டில் (சுழலும் சக்கரத்தில் பந்து எங்கே விழும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம்) முப்பத்தேழு வாய்ப்புகளில் ஒன்றில், அதாவது பந்து சுழியத்தில் விழும்போது மட்டுமே இருவரும் இழப்பார்கள். மற்றச் சுற்றுகளில் ஒருவர் இழந்தது இன்னொருவருக்குப் போய்ச் சேரும். போக்கரில் ஒருவர் வேண்டுமென்றே தோற்றுத் தன் கூட்டாளியின் கணக்குக்குப் பணத்தைத் தள்ளிவிடலாம். இதைவிட எளியது, பணத்தைப் போட்டுப் பெயருக்கு இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு மீதியை அப்படியே எடுத்துக்கொள்வது. அதிலும் திருடப்பட்ட அட்டையிலிருந்தோ முன்கட்டண வவுச்சரிலிருந்தோ போட்டு, வேறொரு வங்கிக் கணக்குக்கு எடுப்பது. பணம் எந்த வழியில் உள்ளே வந்ததோ அந்த வழியிலேயே திரும்பிப் போக வேண்டும் என்று ஒழுங்கான நிறுவனங்கள் விதி வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

மேலே சொன்னவை எல்லாம் திட்டமிட்ட பணச்சலவை. நான் பணியில் இருந்தபோது இவற்றைவிட அதிகமாகப் பார்த்தது வேறொரு வகை வாடிக்கையாளரை. அவர் பணத்தை வெள்ளையாக்க வந்தவர் அல்லர். தன் அலுவலகத்திலிருந்தோ, தான் கவனித்துக்கொள்ளும் முதியவரின் கணக்கிலிருந்தோ எடுத்த பணத்தை ஆடித் தோற்றுக்கொண்டிருப்பவர். தமிழில் ‘பணச்சலவை’ என்றதும் பெரிய கும்பல்களே நினைவுக்கு வருவதால் இந்த மனிதர் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறார். ஆனால் பிரிட்டனின் 2002ஆம் ஆண்டுக் குற்ற வருவாய்ச் சட்டத்தில், குற்றத்தின் வழியே கிடைத்த சொத்தைப் பயன்படுத்துவதும் மாற்றுவதும் கைவசம் வைத்திருப்பதும் எல்லாமே குற்றம்தான். அது குற்றப் பணம் என்று தெரிந்தோ சந்தேகித்தோ வாங்கிக்கொள்ளும் நிறுவனமும் அதே சட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

கே: மென்பொருள் துறையிலிருந்து மாறி, இங்குள்ள ஓர் இணையச் சூதாட்ட நிறுவனத்தின் கண்காணிப்புப் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். பயிற்சியில் விதிகளைப் பட்டியலாகக் கொடுக்கிறார்களே தவிர, எது முதன்மையானது என்று எவரும் சொல்லவில்லை. எதைப் பற்றிக்கொள்வது?
– மதுரைக்காரர், லண்டன்

தம்பி, சட்டங்களின் அமைப்பை முதலில் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். உங்கள் நிறுவனத்துக்கு உரிமம் தருவதும் பறிப்பதும் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் பர்மிங்காமிலிருந்து இயங்கும் சூதாட்ட ஆணையம். இணையக் கேசினோவுக்கு 2017ஆம் ஆண்டுப் பணச்சலவைத் தடுப்பு ஒழுங்குவிதிகளும் பொருந்தும். அவற்றின்படி ஒரே தடவையிலோ தொடர்புடைய பல தடவைகளிலோ 2,000 யூரோவை எட்டும் பரிமாற்றத்தில் வாடிக்கையாளரை உரிய முறையில் விசாரித்தறிய வேண்டும். பந்தயமும் பிங்கோவும் அந்த ஒழுங்குவிதிகளுக்குள் வரவில்லை என்பதால், விளையாட்டுப் பந்தயப் பிரிவில் இருப்பவர்கள் சில நேரம் கையைக் கட்டிக்கொண்டிருந்துவிடுகிறார்கள். அது பெரும் பிழை. குற்ற வருவாய்ச் சட்டம் அவர்களையும் கட்டுப்படுத்துகிறது. பணச்சலவை அபாயத்தை மதிப்பிட்டு அதற்கேற்ற நடைமுறைகளை வைத்திருக்க வேண்டும் என்ற உரிம நிபந்தனையும் அவர்களுக்குப் பொருந்துகிறது.

சந்தேகம் எழுந்தால், நிறுவனத்தில் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் நீங்கள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர் ஆராய்ந்து, தேசியக் குற்றத் தடுப்பு முகமைக்குச் சந்தேக அறிக்கை அனுப்புவார். பணத்தை விடுவிப்பதே குற்றமாகிவிடக்கூடும் என்ற நிலையில், முகமையின் ஒப்புதலைக் கேட்டு ஏழு வேலை நாட்கள் காத்திருக்க வேண்டும். ஒப்புதல் மறுக்கப்பட்டால் மேலும் 31 நாட்கள் அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. அந்நாட்களில் வாடிக்கையாளர் தொலைபேசியில் கத்துவார், அழுவார், வழக்குப் போடுவேன் என்பார். ‘உங்களைப் பற்றி அறிக்கை போயிருக்கிறது’ என்று அவருக்குக் கோடி காட்டினாலும் அது தனிக் குற்றம்; இரண்டு ஆண்டு வரை சிறை. என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று உங்கள் முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

எதைப் பற்றிக்கொள்வது என்றல்லவா கேட்டீர்கள். ‘இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?’ என்ற ஒரு கேள்வியைப் பற்றிக்கொள்ளுங்கள். அதை உரிய நேரத்தில் கேட்டு, ஆவணத்தோடு விடை பெறுங்கள். 2018 பிப்ரவரியில் வில்லியம் ஹில் நிறுவனம் 62 லட்சம் பவுண்டு கட்ட நேர்ந்த வழக்கை ஆணையத்தின் அறிக்கையில் முழுமையாகப் படியுங்கள். ஒரு வாடிக்கையாளர் 14 மாதங்களில் 5,41,000 பவுண்டு போட்டிருக்கிறார். அவரோடு வாய்மொழியாகப் பேசியதை வைத்து, ஆண்டு வருமானம் 3,65,000 பவுண்டு இருக்கலாம் என்று நிறுவனம் தானே ஊகித்துக்கொண்டு, அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. உண்மையில் அவருடைய ஊதியம் ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 பவுண்டுதான். மீதியை வேலை கொடுத்தவரிடமிருந்து திருடிக்கொண்டிருந்தார். அதே வழக்கில் இன்னொருவர் 18 மாதங்களில் 6,53,000 பவுண்டு போட்டார். கணினி எச்சரித்தது, கோப்பும் மேலாளரின் பார்வைக்கு அனுப்பப்பட்டதாகக் குறிக்கப்பட்டது. ஆனால் அமைப்பில் நேர்ந்த கோளாறால் அது எவர் பார்வைக்கும் போகவில்லை, அவர் மேலும் ஆறு மாதம் ஆடினார்.

இந்த இரண்டையும் ஒன்றாகப் பாருங்கள். முதலாவதில் கேள்வி கேட்கப்பட்டது, விடை சரிபார்க்கப்படவில்லை. இரண்டாவதில் கணினி எச்சரித்தது, அந்த எச்சரிக்கை மனிதர் எவரையும் சென்றடையவில்லை. நீங்கள் மென்பொருள் எழுதத் தெரிந்தவர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். எச்சரிக்கை எழுந்ததா என்பதோடு நில்லாமல், அது எத்தனை மணி நேரத்தில் யார் கையில் சேர்ந்தது, அவர் என்ன முடிவெடுத்தார், அந்த முடிவு வரும்வரை கணக்கில் பணம் போட முடிந்ததா என்பதையும் பதிவு செய்யும் அமைப்பை உங்கள் நிறுவனத்தில் கட்டுங்கள். முடிவு எடுக்கப்படாத எச்சரிக்கை 24 மணி நேரத்தைக் கடந்தால் பணம் போடும் வழி தானாக அடைபட வேண்டும் என்பது என் கருத்து. வணிகப் பிரிவு அதை எதிர்க்கும், எதிர்க்கட்டும்.

பணத்தின் ஆதாரம் வேறு, செல்வத்தின் ஆதாரம் வேறு என்பதையும் மறவாதீர்கள். இன்று போட்ட இந்தத் தொகை எந்தக் கணக்கிலிருந்து, எந்த வருமானத்திலிருந்து வந்தது என்பது முதலாவது. இப்படிச் செலவழிக்கும் வசதி இவருக்கு வாழ்நாளில் எப்படி வந்தது என்பது இரண்டாவது. அரசியல் பொறுப்பில் இருப்பவர்கள், அவர்களின் குடும்பத்தார், நெருங்கிய கூட்டாளிகள் ஆகியோரிடம் இரண்டையும் கேட்டே ஆக வேண்டும். வங்கி அறிக்கையில் பெரிய தொகை தெரிகிறதே என்று பலர் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தொகை முந்தைய வாரம்தான் அங்கே வந்து விழுந்திருக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை.

கே: வென்ற பணத்தை எடுக்கப் போனால் கடவுச்சீட்டு, வங்கி அறிக்கை என்று கேட்கிறார்கள். தோற்கும்போது எவரும் எதுவும் கேட்கவில்லை. இது முறையா? என் தனியுரிமை என்னாவது?
– வாசகர், ஹாரோ

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2019 மே 7 முதல் பிரிட்டனில் நடைமுறையில் உள்ள விதிப்படி, வாடிக்கையாளரின் பெயர், முகவரி, பிறந்த நாள் ஆகியவற்றை ஆட அனுமதிக்கும் முன்பே நிறுவனம் சரிபார்த்திருக்க வேண்டும். முன்பே கேட்டிருக்கக்கூடிய அடையாளச் சான்றைப் பணம் எடுக்கும் நேரத்தில் புதிதாகக் கேட்டு நிறுத்திவைப்பதற்கு இடமில்லை. அந்த நேரத்தில்தான் ஒரு புதிய சந்தேகம் எழுந்து, பணச்சலவைச் சட்டத்தின் கீழ் கேட்க வேண்டிய கட்டாயம் வந்தால் அது வேறு. உங்களிடம் கேட்டது இவற்றுள் எந்த வகை என்று எழுத்தில் விளக்கம் கேளுங்கள். நிறுவனத்தின் முறையீட்டு நடைமுறையில் எட்டு வாரத்துக்குள் தீர்வு வராவிட்டால், நீதிமன்றத்துக்கு வெளியே தகராறுகளைத் தீர்த்துவைக்கும் மாற்றுத் தீர்வு அமைப்பை நாடலாம்.

தனியுரிமையைப் பொறுத்தவரை, 2025 பிப்ரவரி 28 முதல் 30 நாட்களுக்குள், எடுத்ததைக் கழித்து நிகரமாக 150 பவுண்டுக்கு மேல் போடுபவர்களைப் பற்றி, திவால் அறிவிப்பு போன்ற பொதுவில் கிடைக்கும் தகவல்களைக் கொண்டு நிறுவனம் ஒரு மெல்லிய சோதனை செய்கிறது. உங்களிடம் ஆவணம் எதையும் கேட்காத சோதனை அது. இதைத் தேவையான ஒன்றாகவே நான் கருதுகிறேன். வங்கி அறிக்கையை ஒரு சூதாட்ட நிறுவனத்திடம் காட்டுவது கூச்சமான காரியந்தான். ஆயினும் பெரிய தொகைகளில் ஆடுபவரிடம் அதைக் கேட்காமல் விட்டதன் விளைவை மேலே பார்த்தோம்.

கே: நிறுவனங்கள் கோடிக்கணக்கில் அபராதம் கட்டிவிட்டு அதே தொழிலைத் தொடர்கின்றன. இந்த விதிகளால் உண்மையில் பயன் உண்டா?
– ஓய்வுபெற்ற தணிக்கையாளர், கோயம்புத்தூர்

ஐயா, உங்கள் ஐயம் எனக்கும் பல ஆண்டுகள் இருந்தது. 2020 மார்ச்சில் பெட்வே நிறுவனம் 1 கோடியே 16 லட்சம் பவுண்டு கட்டியது. சிறப்பு வாடிக்கையாளர் ஒருவர் நான்கு ஆண்டுகளில் 80 லட்சம் பவுண்டுக்கு மேல் போட்டு 40 லட்சத்துக்கு மேல் இழந்தபோதும் அவருடைய பணத்தின் மூலத்தை அது உரிய முறையில் விசாரிக்கவில்லை. 2022 ஆகஸ்டில் என்டெய்ன் என்ற நிறுவனம் 1 கோடியே 70 லட்சம் பவுண்டு. 2023 மார்ச்சில் மீண்டும் வில்லியம் ஹில் குழும நிறுவனங்கள், இம்முறை 1 கோடியே 92 லட்சம் பவுண்டு. புதிதாகக் கணக்குத் தொடங்கிய ஒருவர் இருபது நிமிடத்தில் 23,000 பவுண்டு செலவழித்தும் எவரும் தடுக்கவில்லை என்பது அந்த அறிக்கையில் இருந்தது. 2018இல் கற்ற பாடம் ஐந்தாண்டில் மறந்துபோயிற்று என்று எவரும் நினைப்பது இயல்பே.

இருந்தாலும் வில்லியம் ஹில்லின் அந்த இரண்டாம் வழக்கில், தவறுகள் மிகப் பரவலாக இருந்ததால் உரிமத்தை நிறுத்திவைப்பது பற்றியே தீவிரமாக ஆலோசிக்கப்பட்டது என்று ஆணையம் கூறியது. நிறுவனங்கள் அஞ்சுவது இதற்குத்தான். அபராதம் என்பது முன்பு ஈட்டியதிலிருந்து கொடுப்பது. உரிமம் நிற்பது நாளைய வருமானம் நிற்பது. இன்னொன்று, மேலாண்மைப் பொறுப்பில் இருப்பவர்கள் தங்கள் பெயரிலேயே தனி உரிமம் வைத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு. அந்த உரிமம் போனால் அத்துறையில் அப்படிப்பட்ட பதவியில் அவர் அமர முடியாது. கூட்டத்தில் ‘இந்த வாடிக்கையாளரை விட்டுவிடலாமே’ என்று வணிகப் பிரிவுத் தலைவர் சொல்லும்போது, எதிரில் இருப்பவரின் சொந்தப் பிழைப்பும் பணயத்தில் இருந்தால் மட்டுமே ‘முடியாது’ என்ற சொல் உறுதியாக வருகிறது. நான் அதை நேரில் பார்த்திருக்கிறேன்.

என் குறை வேறிடத்தில் இருக்கிறது. அதிகமாக ஆடுபவர்களைப் பரிசும் விருந்தும் கொடுத்துத் தக்கவைக்கும் ஊழியருக்கு, அவர்கள் போடும் தொகையைப் பார்த்து ஊக்கத்தொகை கொடுத்தால், அவரிடமே பணத்தின் மூலத்தையும் விசாரிக்கச் சொல்வது வீண். அந்த இரண்டு வேலைகளும் ஒரே நாற்காலியில் இருக்கக் கூடாது. தணிக்கைத் துறையில் இருந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கே: 2016இல் வங்கதேச மத்திய வங்கியிலிருந்து திருடிய பணத்தில் ஒரு பகுதி இலங்கைக்கும் வந்தது. அது கணினித் திருட்டு. அதைச் சூதாட்டத்தோடு சேர்த்துப் பேசுவது ஏன்?
– ஆசிரியர், கொழும்பு

திருடியது கணினி வழியே. மறைந்தது சூதாட்ட மேசையில். 2016 பிப்ரவரியில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் வங்கதேசம் வைத்திருந்த கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டாலரை எடுக்கப் போலி ஆணைகள் அனுப்பப்பட்டன. பெரும்பகுதி தடுக்கப்பட்டது, 10 கோடியே 10 லட்சம் டாலர் வெளியேறியது. அதில் 2 கோடி டாலர் உங்கள் நாட்டிலுள்ள ஓர் அறக்கட்டளையின் பெயருக்குச் சென்றது. பெறுபவர் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகள் பிழையாக இருந்ததை இடைப்பட்ட வங்கி கவனித்துக் கேள்வி எழுப்பியதால் அந்தத் தொகை மீட்கப்பட்டது. மற்ற 8 கோடியே 10 லட்சம் டாலர், பிலிப்பைன்ஸின் மக்காத்தி நகரில் ஒரு வங்கிக் கிளையின் கணக்குகளுக்குப் போய், பெசோவாக மாற்றப்பட்டு, மணிலாவின் கேசினோக்களுக்குள் நுழைந்தது. அந்நாட்டின் பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தில் அப்போது கேசினோக்கள் சேர்க்கப்படவே இல்லை. கொண்டுவந்தவர் யார், எவ்வளவு என்று பதிவு செய்து அரசுக்கு அறிவிக்கும் கடமை அந்தக் கூடங்களுக்கு இல்லை. விசாரணை சுவடு பிடித்து அங்கே வரை வந்து, நின்றுவிட்டது. மீட்க முடிந்தது சிறு பகுதியே.

இலங்கைக்கு வந்த தொகையைக் காத்தது பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் அன்று. ஒரு வங்கி ஊழியருக்கு ஐயம் வந்தது, அவர் கேட்டார். மணிலாவில் கேட்கும் கடமை எவருக்கும் இல்லை. 2017 ஜூலையில் பிலிப்பைன்ஸ் தன் சட்டத்தைத் திருத்தி, இணையக் கேசினோக்களையும் கப்பலில் நடப்பவற்றையும் உட்பட எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்தது. 50 லட்சம் பெசோவுக்கு மேற்பட்ட ரொக்கப் பரிமாற்றம் அறிவிக்கப்பட வேண்டும் என்றாயிற்று. வெளிநாட்டினரைக் குறிவைத்து அங்கிருந்து இயங்கிய இணையச் சூதாட்ட மையங்களைச் சுற்றி ஆள் கடத்தலும் மோசடியும் பெருகியதால், 2024 ஜூலை 22 அன்று அதிபர் மார்கோஸ் அவற்றை முழுவதுமாகத் தடை செய்தார்.

கே: இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்துவிட்ட பிறகு, இத்தகைய கண்காணிப்புக்கு வேலை ஏது?
– வாசகர், சென்னை

வேலை இடம் மாறியிருக்கிறது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் கீழ் 2025 பிப்ரவரியில் வந்த ஒழுங்குமுறைகளும் ரம்மி, போக்கர் போன்றவற்றை நடத்துவோர்மீதே கடமையைச் சுமத்தின. ஆதார் வழிச் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்ட நிறுத்தம், பண வரம்பு ஆகியவை அவற்றுள் இருந்தன. 2025 ஜூன் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவை செல்லும் என்று தீர்ப்பளித்தது. இரண்டரை மாதம் கழித்து, ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறனால் வெல்லும் ஆட்டம், வாய்ப்பால் (அதிர்ஷ்டத்தால்) வெல்லும் ஆட்டம் என்ற வேறுபாட்டையே விட்டுவிட்டுப் பணம் வைத்து ஆடும் எல்லா இணைய விளையாட்டுகளையும் தடுத்தது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும். விளம்பரம் செய்பவருக்கு இரண்டாண்டும் 50 லட்சமும். பணப் பரிமாற்றத்துக்குத் துணைபோகும் வங்கி, கட்டண நிறுவனங்களுக்கும் நடத்துபவருக்கு உரிய அதே தண்டனை. ஆடுபவரை அது தண்டிக்கவில்லை. அச்சட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

திறன், வாய்ப்பு என்ற அந்த வேறுபாடு பணச்சலவைத் தடுப்பில் ஒரு பெரிய ஓட்டையாக இருந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். 2002ஆம் ஆண்டுச் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம், அறிக்கை தரக் கடமைப்பட்டவர்களின் பட்டியலில் ‘வாய்ப்பு விளையாட்டுகளை’ நடத்துவோரைச் சேர்த்திருக்கிறது. எங்கள் விளையாட்டு திறனைச் சார்ந்தது என்று வாதிட்ட நிறுவனம், அதே மூச்சில் இந்தக் கடமையும் தனக்கில்லை என்று சொல்ல முடிந்தது. பணம் அந்த வேறுபாட்டைப் பார்த்து நகர்வதில்லை.

இன்று உள்நாட்டு நிறுவனங்கள் கடையை மூடிவிட்டன. வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தயச் செயலிகள் மூடவில்லை. அவற்றுக்குக் கண்காணிப்பு அதிகாரியும் இல்லை, உரிமமும் இல்லை. 2023 நவம்பரில் மத்திய அரசு முடக்கிய 22 செயலிகள், தளங்களுள் ஒன்றான மகாதேவ் செயலி பற்றி அமலாக்கத் துறை சொன்னதை நினைவுகூருங்கள். துபாயிலிருந்து இயக்கம், இந்திய ஊர்களில் ‘பேனல்’ எனப்படும் கிளைகள், லாபத்தில் 70க்கு 30 பங்கு, பணம் முழுவதும் பினாமி வங்கிக் கணக்குகள் வழியே. அந்தச் சங்கிலியில் நம் சட்டத்தின் கைக்கு எட்டும் கண்ணி வங்கிக் கணக்கு ஒன்றுதான். ஆகவே பிரிட்டனில் சூதாட்ட நிறுவன ஊழியர் கேட்க வேண்டிய கேள்வியை இங்கே வங்கிக் கிளையும் யுபிஐ நிறுவனமும் கேட்க வேண்டியிருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு பிறர் பயன்படுத்தக் கொடுக்கப்படும் வாடகைக் கணக்குகளைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் துணை அமைப்பு உருவாக்கிய ‘மியூல் ஹன்டர்’ என்ற மென்பொருள் 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆனால் மாதம் எட்டாயிரம் வருமானம் என்று எழுதிக் கொடுத்துத் தொடங்கிய கணக்கில், ஒரே இரவில் நூறு பேரிடமிருந்து ஐந்நூறும் ஆயிரமுமாக வந்து விடிவதற்குள் காலியாவதைக் கண்டு கிளை மேலாளர் உடனே தொலைபேசியை எடுப்பாரானால், எந்த மென்பொருளுக்கும் முன்பே பல பிள்ளைகள் தப்பிப்பார்கள். அடுத்த கடிதம் அதைப் பற்றியதுதான்.

கே: என் மகன் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். நண்பன் கேட்டான் என்று தன் வங்கிப் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் கார்டு மூன்றையும் கொடுத்து மாதம் பத்தாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறான். பெட்டிங் ஆப்புக்கு என்று சொன்னார்களாம். இப்போது கணக்கை முடக்கிவிட்டார்கள். வெளிமாநிலப் போலீஸ் என்று போன் வருகிறது. அவனோடு படிக்கும் இன்னொரு பையனும் கொடுத்திருக்கிறான். என்ன செய்வதென்று தெரியவில்லை.
– ஒரு தாய், திருநெல்வேலி

அம்மா, முதலில் மகனைத் திட்டுவதை நிறுத்திவைத்துவிட்டு, நடந்ததைத் தேதி வாரியாக அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். யார் கேட்டது, எந்த நாளில் எதைக் கொடுத்தான், எவ்வளவு வாங்கினான், எந்த வழியாக வாங்கினான் என்று எதையும் மறைக்காமல் எழுதட்டும். கைப்பேசியிலுள்ள வாட்ஸ்அப், டெலிகிராம் உரையாடல்களில் ஒன்றைக்கூட அழிக்க வேண்டாம். பயத்தில் அழித்துவிட்டால், அவனைக் காப்பாற்றக்கூடிய சான்றும் போகும், சான்றை அழித்தான் என்ற புதிய குற்றச்சாட்டும் சேரும்.

அடுத்து வங்கிக் கிளைக்கு அவனோடு நீங்களும் செல்லுங்கள். கணக்கை முடக்கச் சொன்ன காவல் நிலையம் எது, புகார் எண் என்ன, எந்தச் சட்டப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா எனப்படும் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவு இருக்கும். அந்த விவரத்தோடு ஒத்துப்போகாத எந்தத் தொலைபேசி அழைப்பையும் நம்ப வேண்டாம். முடக்கப்பட்ட கணக்குகளைக் குறிவைத்து, போலீஸ் வேடத்தில் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். வீடியோ அழைப்பில் கைது செய்வதாகச் சொன்னால் இணைப்பைத் துண்டித்துவிட்டு, இணையவழிக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930க்குச் சொல்லுங்கள். உண்மையான காவல் துறை நேரில் வரச் சொல்லி எழுத்தில் அறிவிப்புத் தரும். அப்படி வந்தால் தவறாமல் போக வேண்டும், வழக்கறிஞரோடு போக வேண்டும். கட்டணம் கொடுக்க இயலாவிட்டால், திருநெல்வேலி நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் கேளுங்கள். பெண் என்ற முறையில் நீங்களே அங்கு இலவச உதவிக்கு உரியவர், மகனுக்கான தகுதியையும் அவர்கள் சொல்வார்கள்.

சிம் கார்டு உங்கள் மகன் பெயரில் இருப்பதால், இன்றே அந்த நிறுவனத்தின் கடைக்குச் சென்று அதை முடக்கி, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதே எண்ணைக் கொண்டு இன்னும் எத்தனை கணக்குகளைத் திறக்கப் போகிறார்களோ தெரியாது. அந்த நண்பன் ‘கணக்கில் இருந்ததைத் திருப்பிக் கொடு, விஷயத்தை முடித்துவிடலாம்’ என்று சொன்னால் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். கணக்கிலுள்ள பணம் யாருடையது என்பதை விசாரணையும் நீதிமன்றமும்தான் தீர்மானிக்கும்.

உண்மை நிலையையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. குற்ற வருவாயைக் கையாளத் தெரிந்தே உதவுவது சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை கடுங்காவலுக்குரிய குற்றம். ‘தெரிந்தே’ என்ற சொல்லில்தான் உங்கள் மகனுடைய வழக்கு நிற்கும். பெட்டிங் ஆப்புக்கு என்று அவனிடம் சொல்லப்பட்டிருக்கிறது என்பதால், ஒன்றும் தெரியாது என்று சாதிப்பது கடினம். ஆனால் வயது, வாங்கிய தொகையின் அளவு, தானாக முன்வந்து உண்மையைச் சொன்னது, கேட்டவர்களைக் காட்டிக்கொடுத்தது ஆகிய எல்லாவற்றையும் அவனுடைய வழக்கறிஞர் எடுத்துச் சொல்ல முடியும். எனவே விசாரணைக்கு அழைக்கும்வரை காத்திராமல், எழுதிவைத்த அந்தக் குறிப்போடு வழக்கறிஞரைக் கலந்து, உங்கள் ஊர் இணையவழிக் குற்றப் பிரிவில் தாமாகவே தெரிவிப்பது நல்லது என்பது என் எண்ணம்.

உடன் படிக்கும் அந்தப் பையனைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அவன் கணக்கு இன்னும் முடக்கப்படவில்லை என்றால், அவனுக்கு உங்கள் மகனைவிட ஒரு வாய்ப்பு கூடுதலாக இருக்கிறது. வங்கிக்குத் தானே போய், கார்டையும் இணைய வசதியையும் நிறுத்தச் சொல்லி, நடந்ததை எழுதிக் கொடுத்து முத்திரையிட்ட நகல் வாங்க இன்னும் நேரம் இருக்கிறது. அவன் வீட்டு முகவரி உங்களுக்குத் தெரியுமானால், இந்த இதழைக் கீழே வைத்ததும் அவனுடைய அம்மாவைப் போய்ப் பாருங்கள்.